அவசரம் இல்லாத சமையல்

“…அதனால அந்த ஸ்டவ்வை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அவசரம் இல்லை” என்றாள் அம்மா.

கடலோரத்தில் ஒரு வீட்டு வாசல். பத்து அடிக்கு முன்னால்தான் ரிக்ஷாவிலிருந்து இறங்கியிருந்தோம். அப்பாவின் இரண்டு கைகளிலும் சாக்கில் கட்டிய பித்தளை ஸ்டவ். எனக்குப் பத்து வயது. அம்மா இதைச் சொன்ன மாதிரி அதற்கு முன்னால் அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் என்னோடு பாண்டி ஆடியவர்களே, இன்று முழங்கால் தைலத்துக்கு ஒருவருக்கொருவர் பெயர் சொல்லிக்கொள்கிறவர்களே, ஐந்து நாளாக நம் போன் குழுவில் நடக்கும் சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சேர்ந்து ஒரு வாரம் எங்கேயாவது போவது என்று முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதில்தான் இரண்டு கட்சி. மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி, காபி எல்லாம் சேர்ந்த ரிசார்ட் ஒரு கட்சி. சமையலறையோடு ஒரு வில்லா எடுத்து, “நாமே ஜாலியா சமைச்சுக்கலாம்பா” என்பது இன்னொரு கட்சி. ஒருத்தி ‘ஹவ்’ என்று போட்டால் உடனே இன்னொருத்தி ‘நக்கோ’ என்று போடுகிறாள். எத்தனை வருஷம் ஆனாலும் ஆம், வேண்டாம் என்பதற்கு நம் விரல் இந்த ஊர் உருதுப் பேச்சைத்தான் தட்டுகிறது. நான் மட்டும் இன்னும் ஓட்டுப் போடவில்லையாம். போனில் இவ்வளவு நீளமாகத் தட்ட முடியாது என்பதால் காகிதத்தில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

எங்கள் வீட்டு ஸ்டவ் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? பம்ப் அடித்துப் பற்றவைக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ். மூன்று கால், புளி போட்டுத் தேய்த்த வயிறு, மூக்கு அடைத்தால் குத்துவதற்கு ஒரு பின். பம்பின் தோல் வாஷர் காய்ந்துவிட்டால் அம்மா ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவாள். காலையில் ஃபாக்டரி சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே இது ‘உஸ்ஸ்’ என்று ஊத ஆரம்பித்துவிடும். அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். சங்கு ஊதும்போது அப்பாவின் டிபன் கேரியர் மூடியிருக்கும்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் அம்மாவுக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன். வீட்டுக்கு வந்த நாலாம் நாளே ஸ்டவ் முன்னால் மணை போட்டு உட்கார்ந்துவிட்டாள். தையல் பிரிக்கப் போனபோது லேடி டாக்டர் அப்பாவை உள்ளே கூப்பிட்டு, “இவங்களை எங்கயாவது ஒரு வாரம் கூட்டிட்டுப் போங்க. நல்ல ரெஸ்ட் வேணும். கனமான எதையும் தூக்கக் கூடாது” என்று சொன்னார். அப்பா ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் ஏற்றுக்கொண்டதுதான். திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கும் லீவுக்குப் போகாத குடும்பம், அன்று சாயங்காலமே எங்கே போவது என்று பேச ஆரம்பித்தது.

அந்த வாரமே டூர் கம்பெனி ஆள் ஒருவர் குவார்ட்டர்ஸுக்கு வந்து வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். மஞ்சள் காகிதம். பஸ்ஸிலேயே சமையல்காரர் வருவார், காலைக் காபியிலிருந்து படுக்கை வரை எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்.

“அந்தக் கடைசி வரியை மறுபடி படி” என்றாள்.

“உணவு உட்பட எல்லாம் சேர்த்து.”

“நாலு வேளையுமா போட்டிருக்கான்?”

“நாலு வேளையும்மா.”

நோட்டீஸை நாலாக மடித்து, வாரப் பத்திரிகைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் அவள் மறுபடி எடுத்துப் பார்ப்பதைக் கண்டேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. பஸ் படத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

அண்ணனுக்கு அந்த பஸ்ஸில் போகவேண்டும் என்று ஒரே ஆசை. அப்பா சம்மதிக்கவில்லை. அவருக்கு வெளிச்சாப்பாடு என்றாலே ஒரு பயம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதற்கு முன்னால் வீட்டில் இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனுஷர். “வெளியில சாப்பிட்டா அப்புறம் வயிறு என் பேச்சைக் கேக்காது” என்பார். அதோடு இப்போது டாக்டர் வேறு சேர்ந்துகொண்டார்.

“ஆபரேஷன் ஆன உடம்பு. கண்ட எண்ணெயில கண்டவன் செஞ்சதைச் சாப்பிடலாமா? ஆபீஸ் ஹாலிடே ஹோம் ஒண்ணு வைசாக் பக்கம் கடலோரமா இருக்கு. சமையலறை இருக்காம். நம்ம அரிசி, நம்ம பொடி. நீ எதையும் தூக்க வேண்டாம். ஸ்டவ்வை நான் தூக்கிட்டு வர்றேன். நீ சமைச்சாப் போதும்.”

இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் எவ்வளவு அன்பு இருந்தது என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஐந்து கிலோ ஸ்டவ்வை ஆயிரம் மைல் வேண்டுமானாலும் தூக்க அவர் தயாராக இருந்தார். சமையல் என்பது ஒரு கனம் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருஷம் கழித்து நானும் என் வீட்டுக்காரரிடம் இதே மாதிரி ஒரு முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது புரிந்தது.

“மெரேகு நக்கோ” என்றான் அண்ணன். எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். அவனுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது.

அம்மா மட்டும் “சரிங்க” என்றாள்.

இந்த இடத்தில் அப்பாவின் தெலுங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இந்த ஊருக்கு வந்து அப்போது மூன்று வருஷம்தான். தமிழ் வார்த்தையின் வாலில் ஒரு ‘லு’ சேர்த்தால் தெலுங்கு என்பது அவர் கணக்கு. இரண்டு பாஷையிலும் ஒரே மாதிரி கேட்கிற வார்த்தைகள்தான் அவரை அடிக்கடி கவிழ்க்கும். ஹாலிடே ஹோமுக்கு எழுதிக்கொடுக்க அவர் போன சனிக்கிழமை, ஸ்கூட்டரில் பின்னால் நானும் தொற்றிக்கொண்டேன். ஃபாக்டரி கேட்டுக்கு வெளியே இருந்த அலுவலகம் அது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வாய் நிறையப் பானோடு ஒரு குமாஸ்தா.

“செலவு உந்தா?” என்று கேட்டார் குமாஸ்தா.

தெலுங்கில் செலவு என்றால் லீவு. லீவு இருக்கிறதா என்று கேட்கிறார்.

“அதுக்கு என்னங்க குறைச்சல். செலவு நிறைய உந்தி” என்றார் அப்பா, பெருமூச்சோடு.

குமாஸ்தா சிரிக்காமல் எழுதிக்கொண்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது.

எட்டு நாளுக்கு அறை கிடைத்துவிட்டது. நாளும் அறை நம்பரும் போட்ட ஒரு சீட்டை நீட்டினார். அப்பா அதை வாங்கிக்கொண்டு, சமையலறையைப் பற்றிக் கேட்க நினைத்து, “அங்க வண்டலு எல்லாம் எப்படிலு?” என்றார். வண்ட என்றால் சமையல்.

“வண்ட…” என்று ஆரம்பித்தார் குமாஸ்தா. பக்கத்து ஜன்னல் வழியாகப் பான் எச்சிலைத் துப்பினார். துப்பும்போதே வாய்க்குள் என்னவோ சொன்னார். திரும்பி, “…அவசரம் லேது” என்று முடித்தார்.

லேது என்றால் இல்லை. அதில் சந்தேகமில்லை. அப்பா சந்தோஷமாக வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: “நல்ல இடமாத்தான் இருக்கும்போல. சமையலுக்கு அவசரமே இல்லையாம். மெதுவா, உன் இஷ்டத்துக்குச் சமைக்கலாமாம். உனக்கு வேண்டியது இதுதானே?”

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும், நாம் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்தவர்கள். தெலுங்கில் அவசரம் என்றால் ‘தேவை’. குமாஸ்தா சொன்னது, சமையல் தேவையில்லை என்று. அங்கே சாப்பாடு போடுகிறார்கள்.

ஸ்கூட்டரில் வரும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அங்கே யாரோ சமைத்துப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அப்பா அடுத்த நிமிஷம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டுபோய் அந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டு வருவார். டூர் பஸ்ஸை எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்றாரோ, அதே காரணம். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், முதலில் நான் வாயை மூடிக்கொண்டது கடலுக்காகத்தான், அம்மாவுக்காக இல்லை.

பத்து நாள் எப்படியோ கழிந்தது. மே மாத வெயிலில் அம்மா மிளகாயும் மல்லியும் காயவைத்தாள். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நிமிர்வாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“அம்மா, அவசரம் இல்லைன்னு அந்த ஆபீஸ்காரர் சொன்னார்ல, அதுக்கு அவசரம் இல்லைன்னு அர்த்தம் இல்ல.”

மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. “அவர் சரியா என்ன சொன்னார்? அவர் சொன்ன மாதிரியே சொல்லு.”

சொன்னேன். நடுவில் துப்பியதையும் சொன்னேன்.

“துப்பறப்போ ஏதோ சொன்னார்னியே. என்ன?”

“கேக்கலைம்மா.”

அம்மா ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள். பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “வண்ட பாத்ரலு அவசரம் லேதுன்னு சொல்லியிருப்பாரோ?”

பாத்ரலு என்றால் பாத்திரங்கள். சமையல் பாத்திரம் தேவையில்லை, எல்லாம் அங்கேயே இருக்கிறது, வந்து சமைத்துக்கொள்ளுங்கள் என்று ஆகிவிடும். எனக்கு அது தோன்றவேயில்லை. அதைவிட, அம்மாவுக்கு இவ்வளவு தெலுங்கு தெரியும் என்பதும் எனக்குத் தெரியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பின்னியோடு மூன்று வருஷமாகக் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பேசுகிறவள். பின்னி என்றால் தெலுங்கில் சித்தி, நாம் எல்லோரும் அவரை அப்படித்தானே கூப்பிடுவோம். பின்னி பேசுவதற்கு அம்மா சும்மா தலையை ஆட்டுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்றைக்கே சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பின்னியிடம் கேட்டேன். நாங்கள் போகிற வீட்டில் சாப்பாடு போடுவார்களா என்று.

“ஒக்கோசாரி பெடதாரு, ஒக்கோசாரி லேது” என்றார் பின்னி. சில சமயம் போடுவார்கள், சில சமயம் இல்லை. சமையல்காரர் இருந்தால் போடுவார். போன வருஷம் இவர்கள் போனபோது அவர் பெண்ணுக்குக் கல்யாணம் என்று ஊருக்குப் போய்விட்டாராம். “நேனே வண்டினா பங்காரம். செலவுலு அண்ட செலவுலு” என்று சொல்லிச் சிரித்தார். நானே சமைத்தேன் தங்கமே, லீவாம் லீவு. அவர் சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

இதை அப்படியே அம்மாவிடம் வந்து சொன்னேன். “சரி” என்றாள். “நீ என்கிட்ட எதுவும் சொல்லல. நான் எதுவும் கேக்கல.”

மறுநாள் மூட்டை கட்டினோம். ஸ்டவ்வை அப்பா தானே சாக்கில் வைத்துச் சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஃபாக்டரியில் மெஷினைக் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சுப் போட்டார். அரிசி எடுத்துப்போக ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின். அதில் அரிசி போட அம்மா சமையலறைக்குப் போனாள், நானும் பின்னால் போனேன். அம்மா டின்னைத் திறந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்து, ஒரு வருஷமாகப் படிக்க நேரமில்லாமல் சேர்த்து வைத்திருந்த வாரப் பத்திரிகைகளை எடுத்தாள். தொடர்கதை வருகிற இதழ்கள் எல்லாம் வரிசையாக. அவற்றை டின்னுக்குள் நிறுத்தி அடுக்கி, மூடியை உள்ளங்கையால் தட்டி மூடினாள். பருப்பு டப்பாவில் கடலை மிட்டாய். காயவைத்து அரைத்த பொடியெல்லாம் அலமாரியில் அப்படியே நின்றது.

“அம்மா, அங்க சாப்பாடு இல்லைன்னா?”

“உன் காது மேல எனக்கு நம்பிக்கை இருக்கு.”

இதைவிடப் பெரிய பாரத்தை யாரும் என் தலையில் ஏற்றி வைத்ததில்லை.

செகந்திராபாத் ஸ்டேஷனில் அப்பா அந்த டின்னைத் தூக்கி, “எட்டு நாளைக்கு இவ்வளவு அரிசியா? நல்ல கனம்” என்றார் திருப்தியாக. அம்மா கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பியதிலிருந்து என் காதுக்குள் அந்தக் குமாஸ்தா துப்பிக்கொண்டே இருந்தார். வண்ட, துப்பல், அவசரம் லேது. துப்பலுக்குள் என்ன இருந்தது? சாப்பாடு இல்லையென்றால் டின்னைத் திறப்பார்கள். அப்பா தொடர்கதைகளைப் பார்ப்பார். அம்மா தலை குனிந்து நிற்பாள். என் காதை நம்பியதற்காக. ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கேட்டிருக்கக்கூடிய எல்லா வார்த்தைகளையும் போட்டுப் பார்த்தேன். அண்ணன், “கைக்கு இப்படி உம்முனு இருக்க?” என்று கேட்டான். கைக்கு என்றால் ஏன். இவனிடம் எப்படிச் சொல்வது? என் பங்குக் கட்டுச்சோற்றுப் புளியோதரையை அவனிடமே தள்ளிவிட்டேன்.

கதையை இங்கே நிறுத்தி, பின்னால் நடந்த இரண்டு விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

அப்பா போட்ட முடிச்சு எட்டு நாளும் அவிழவில்லை. அப்படியே காஞ்சன்பாக்குக்குத் திரும்பி வந்து அவிழ்ந்தது. முதல் இரண்டு நாள் அப்பா தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டார். மூன்றாம் நாள் கோங்கூரா துவையலை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். ஐந்தாம் நாள் அது எப்படிச் செய்வது என்று சமையல்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார், எல்லா வார்த்தைக்கும் ‘லு’ போட்டு. அம்மா வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு மூன்று தொடர்கதை படித்து முடித்தாள். எந்த வயிறும் யார் பேச்சையும் மீறவில்லை.

அந்த ஸ்டவ்வும் போய்விட்டது, மஞ்சள் நோட்டீஸும் போய்விட்டது. கேஸ் வந்த வருஷம் ஸ்டவ்வைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டோம். நோட்டீஸ் எந்தப் பத்திரிகைக்குள் போனதோ.

என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், “நான் சமைக்க மாட்டேன்னு அப்பாகிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே?” என்று.

“சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பார்” என்றாள். “ஒத்துக்கிட்டு, அங்க வந்து ஒவ்வொரு வாய்க்கும் எனக்காகச் சகிச்சுக்கற மாதிரி முகத்தை வச்சிருப்பார். எட்டு நாள் அந்த முகத்தைப் பாக்கறதுக்கு நானே சமைச்சுடலாம்.”

தோழிகளே, வில்லா கட்சிக்காரிகள் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கையால் சமைத்ததைச் சாப்பிட எனக்கும் ஆசைதான். ‘நாமே சமைச்சுக்கலாம்’ என்று எழுதியவள் அந்த ‘நாமே’யில் யார் யார் என்று பெயரோடு எழுதட்டும். நம் வீட்டு ஆண்களில் ஒருவர் பெயராவது அதில் இருந்தால் நான் ஓட்டை மாற்றிப் போடுகிறேன். அதுவரை என் ஓட்டு பஜ்ஜி போடுகிற ரிசார்ட்டுக்கு. அவர்கள் வலைப்பக்கத்தில் ‘உணவு உட்பட’ என்று இருக்கிறதா என்று இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டேன். இருக்கிறது.

இனி அந்த வாசல்.

ரிக்ஷா திரும்பியதும் கடல் தெரிந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்ட கடலை நான் பார்க்கவில்லை. அந்த வீட்டுக் கூரையில் புகை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. அப்பா இறங்கி, ஸ்டவ்வை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “முதல்ல ஒரு காபி போடு. அவசரமில்லை” என்றார் சிரித்தபடி. அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் கண்ணும் அந்தக் கூரையில்தான் இருந்தது. என் காதை நம்பியதாகச் சொன்னாளே தவிர, அவளும் வழியெல்லாம் அந்தத் துப்பலைத்தான் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

கதவு திறந்தது. முதலில் வந்தது வாசனை. பெருங்காயம், நெய், புளி கொதிக்கிற வாசனை. அதற்குப் பின்னால்தான் தோளில் ஈரத் துண்டோடு சமையல்காரர். உள்ளே கூடத்தில் நாலு இலை போட்டிருந்தது.

“போஜனம் சித்தமண்டி” என்றார்.

நான் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

“என்ன சொல்றான்?” என்று அப்பா என்னைக் கேட்டார்.

“சாப்பாடு தயாராம்ப்பா. இங்க அவங்களே போடுவாங்களாம்.”

அப்பா சமையல்காரரைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், கையில் இருந்த ஸ்டவ்வைப் பார்த்தார். “அப்போ அந்த குமாஸ்தா அவசரம் இல்லைன்னு சொன்னது?”

“சமையல் தேவையில்லைன்னு சொல்லியிருக்கார்” என்றாள் அம்மா. “இவளுக்கு அன்னைக்கே தெரியும். எனக்கும் தெரியும். டின்னுல அரிசி இல்லை, படிக்கறதுக்குப் புத்தகம் இருக்கு. நான் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, நீங்க பாவம், இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க. அதனால அந்த ஸ்டவ்வை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு அவசரம் இல்லை.”

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, வாசல் தொட்டியில் கையலம்பிக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு உட்காருகிறவள், முதல் இலையில் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையை ஒரு தரம் துடைத்தாள். யாருக்காகவும் திரும்பிப் பார்க்காமல், சமையல்காரரை நிமிர்ந்து பார்த்து, பிசிறில்லாத தெலுங்கில், “வட்டிஞ்சண்டி” என்று பரிமாறச் சொன்னாள்.